பத்து என்றால் பத்துதானே

கல்யாணமாகிக் கப்பலில் வந்து இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். லுக்குட் பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு நான் வெளியே போனதில்லை. மலாய் ஒரு வார்த்தை தெரியாது. தோட்டத்தில் உப்பே கிடைக்காமல் போனதும், என் வீட்டுக்காரர் போர்ட்டிக்சன் கடலோரத்தில் உப்புக் காய்ச்சப் போனார். ஒரு மாதமாகத் தகவல் இல்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம்; போனவர் யாரும் திரும்பி வரவில்லை. இவரையும் பிடித்துவிட்டார்கள் என்றே அழுதுகொண்டிருந்தேன்.

அப்புறம் ஒருநாள் மாட்டுவண்டிக்காரர் வந்தார். "ஒன் வீட்டுக்காரரு பத்து சாத்துல இருக்காரும்மா. வெள்ளிக்கிழம காலையில ஒன்னைய வரச் சொன்னாரு."

பத்து என்றால் பத்துதானே. இங்கே இடங்களுக்கு மைல் கணக்குத்தான்; போர்ட்டிக்சன் கடலோரச் சாலையில் பத்தாவது மைல் என்று எடுத்துக்கொண்டேன். சாத்து ஏதோ மலாய் ஒட்டு. அதைப் போய்க் கேட்க எனக்கு ரோஷம்.

வெள்ளிக்கிழமை துணிமூட்டையோடு போர்ட்டிக்சன் வந்து சேர்ந்தேன். ரயில் நிலையம், அதை ஒட்டிப் படகுத்துறை, எதிரே கடலில் ஒரு சின்னத் தீவு, சீனர் கடைவரிசை. அவ்வளவுதான் ஊர். அதைத் தாண்டினால் கடலோரச் சாலை. முதல் மைல்கல்லருகே மரங்களுக்கு நடுவே புகை தெரிந்தது. யாரோ சோறாக்குகிறார்கள் என்று நடையைக் கட்டினேன். புருஷனைப் பார்க்கப் போகிற சந்தோஷத்தில் கால் வலிக்கவே இல்லை.

பத்தாவது கல்லில் ஒரு குன்றும் அதன்மேல் கலங்கரை விளக்கமும்தான் இருந்தன. வலை உலர்த்திக்கொண்டிருந்த மலாய்க்காரரிடம், "பத்து சாத்து?" என்றேன். அவர் நான் வந்த வழியைக் காட்டி ஒற்றை விரலை நீட்டினார். பிறகு கீழே கிடந்த கல்லைத் தொட்டு, "பத்து" என்றார். மலாயில் பத்து என்றால் கல். பத்து சாத்து, முதல் கல். அதே கல்லை எடுத்து என் மண்டையில் போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

திரும்பி நடந்தேன். பாதி வழியில் எதிரே அவர் ஓடிவந்தார், எலும்பும் தோலுமாக.

"எங்கடி போய்த் தொலஞ்ச? மூட்டையோட ஒருத்தி போனான்னு கேட்டு ஓடியாறேன்."

"ஒண்ணாம் மைலுன்னு தமிழ்ல சொல்லியனுப்ப வாய் வலிச்சுதா?"

சண்டை போட்டோம். சிரித்தோம். நடுச்சாலை என்றும் பாராமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் கல்லுக்கு வந்தபோது உப்படுப்பு எரிந்துகொண்டிருந்தது, ஆளில்லை. மதியம் லாரி வந்து, அவரோடு வேலை செய்த அத்தனை பேரையும் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். என் வீட்டுக்காரர் அந்த நிமிஷமே என்னை இழுத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார்.

யுத்தம் முடிந்த பிறகு, மலாய் கற்றுக்கொள்ளட்டுமா என்று அவரிடம் கேட்டேன்.

"ஒனக்கு வேணாம்லா," என்றார். "தெரிஞ்ச வரைக்கும் போதும்."