பூனை சுட்டது

இஸ்திரிக்கார அம்மாவின் கணவனுக்குத் தொழில் பிக்பாக்கெட். விரல் பட்டதே தெரியாது என்பதால் பூனை என்று பெயர்.

பொதுக்கூட்டம் ஒன்றில் மேடையிலிருந்த தலைவரை யாரோ சுட்டார்கள். குண்டு அவர் காதை உரசிப் பின்னாலிருந்த தூணில் பாய்ந்தது. தரையில் ஒரு கைத்துப்பாக்கி கிடந்தது. ஓடும்போது பிடிபட்ட பூனையின் இடுப்பில் இன்னொன்று இருந்தது.

"நீதானடா சுட்டே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார், சுட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

கோட்டுக்காரர் ஒருவரின் பையிலிருந்து பர்ஸ் என்று நினைத்து உருவியதைத்தான் சொன்னான். திருடுவதற்கு அவன் வாயில் வேறு சொல் கிடையாது. கோட்டுக்காரர் கடைசிவரை வரவில்லை. ஒத்துக்கொண்டவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று கேஸை முடித்துவிட்டார்கள். தலைவர் பிழைத்துக்கொண்டாலும் ஊர் வாயில் அவன் கொலைகாரன் ஆனான். பூனை சிறையிலேயே செத்துப்போனான். அவன் இடுப்பிலிருந்தது 'தலைவரைச் சுட்ட துப்பாக்கி' என்ற பலகையோடு அருங்காட்சியகத்துக்குப் போனது. குண்டையும் மற்ற துப்பாக்கியையும் பக்கத்தில் வைத்தார்கள்.

"என் புருஷன் திருடன்தான், கொலைகாரன் இல்ல" என்று துணி கொண்டுவருகிற எல்லாரிடமும் அம்மா சொல்வாள். அவர்கள் தலையாட்டிவிட்டு, சட்டையில் பட்டன் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள்.

மகள் விடாமல் மனு போட்டாள். அருங்காட்சியகத்துக்குப் புதிதாக வந்த காப்பாளர் மனமிரங்கி ஒரு துப்பாக்கி நிபுணரை வரவழைத்தார். நிபுணராக வந்த பெண் இரண்டு துப்பாக்கிகளாலும் தண்ணீர்த் தொட்டிக்குள் சுட்டுப் பார்த்தாள். தாயும் மகளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒருவேளை அப்பா வச்சிருந்ததாவே இருந்துட்டா?"

"வாயக் கழுவுடி."

நிபுணர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "குழலுக்குள்ள திருகு மாதிரி வரி இருக்கும்மா. வெளிய வர்ற குண்டுல அது கீறிடும். தூண்ல எடுத்த குண்டுல கீறல் வலப்பக்கம் சாயுது. உங்க வீட்டுக்காரர் வச்சிருந்தது இடப்பக்கம் சாய்க்குது. கீழ கிடந்ததோடதான் எல்லாக் கீறலும் ஒத்துப்போகுது."

"அப்போ அவர் சுடல?"

"சுடலம்மா."

"சுட்டாரு, ஆனா சுடல" என்று மகள் சிரிக்கப்போய் அழுதுவிட்டாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

புதுப் பலகையில் என்ன எழுதுவது என்று காப்பாளர் கேட்டார்.

"கூட்டத்துல கிடைச்சதுன்னு போட்டுடுங்க சார்" என்றாள் மகள்.

"எதுக்குப் பூசி மெழுகணும்? பிக்பாக்கெட் அடிச்சதுன்னே போடுங்க."

"அம்மா! என் மாமியார் வந்து படிச்சா?"

"படிக்கட்டுமே. இத்தன வருஷம் கொலைகாரனுக்குச் சம்பந்தி. இப்போ திருடனுக்குத்தான் சம்பந்தி. அவங்களுக்கும் இது ப்ரமோஷன்தானே?"