மாடசாமியிடம் கொடுத்து வைத்த கடிதம்

நீளமான பழுப்புக் கவர் ஒன்று என் பெயருக்கு வந்தால், இந்த வயதிலும் முதலில் என் வயிறுதான் அதை வாசிக்கும்; கண் அப்புறம்தான். போன மாதம் அப்படியொன்று வந்தது. ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, மனைவியைத் துணைக்குப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிரித்தேன். அட்டனில் புதிதாகத் திறந்த மூக்குக் கண்ணாடிக் கடையின் விளம்பரம். "இதுக்கா இந்த வேர்வை?" என்றாள். சிரித்து மழுப்பினேன். என் வேர்வைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை அவளிடம் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

பொகவந்தலாவைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு அறை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. ஐந்துக்கு மேல் படிக்க ஆசைப்பட்டவர்களுக்கு மலை முழுக்கக் கொழுந்து இருந்தது, போய்க் கிள்ளிக்கொள்ளலாம். அக்கா ஐந்தாவது, நான் நாலாவது. அவளுக்குப் பன்னிரண்டு முடியப் போகிறது, தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்துவிடலாம் என்று அப்பா கங்காணியிடம் சொல்லியும் வைத்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் கொழும்பிலிருந்து கார் வந்தது. ஒரு பெரிய வியாபாரக் குடும்பம் காலமான தங்கள் தகப்பனார் பேரில் ஒரு தர்ம நிதியம் வைத்திருந்ததாம். தோட்டத்துப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேரைப் பொறுக்கி, அட்டனில் விடுதியில் தங்க வைத்துப் படிக்க வைப்பார்களாம். பொறுக்க வந்த பெரியவர் வெள்ளை வேட்டியும் கறுப்புக் கோட்டும் போட்டிருந்தார். கூடவே எங்கள் தோட்டத்துத் துரையும் வந்ததால் வாத்தியாருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

ஐந்தாம் வகுப்பைத் தவிர மற்ற எல்லோரையும் வெளியே விரட்டினார்கள். நான் ஜன்னலில் தொங்கினேன். அக்கா கணக்குப் போட்டாள், பேப்பர் வாசித்தாள். கடைசியில் பெரியவர், "படிச்சு என்ன செய்வே, பாப்பா?" என்றார்.

அக்கா பாவாடையை முறுக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க லயத்துக்கு ஆபிஸ்லேருந்து இங்கிலீசுல கடுதாசி வருதுங்க. அதுல என்னா இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் படிச்சுச் சொல்லுவேங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டராவேன், டீச்சராவேன் என்று ஒரு போடு போடாமல், கடுதாசி படிக்கிறாளாம்! வாத்தியார் பிரம்பை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்தார். ஓடினேன். ஓடிய இடத்தில் கார் நின்றது. கதவு திறந்திருந்தது. உலகத்தில் எந்தப் பத்து வயதுப் பையன் ஏறாமல் இருப்பான்? ஏறினேன். நடுவில் இருந்த கறுப்புப் பொத்தானை அமுக்கினேன்.

அது அமுங்கியது; திரும்பி எழும்பவில்லை.

ஹார்ன் அலறிக்கொண்டே இருந்தது. கொழுந்து நிறுக்கும் நேரத்துக்கு எங்கள் ஃபேக்டரியில் ஊதும் சங்குக்கும் அதற்கும் குரலில் அதிக வித்தியாசம் கிடையாது. எதிர் மலை வேறு இரண்டையும் ஒரே மாதிரிதான் திருப்பிச் சொல்லும். நான் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால், மூன்று மலையிலிருந்தும் கொழுந்துப் பெண்கள் அரைக்கூடையும் கால்கூடையுமாக வரிசையாக இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். கங்காணிமார் கம்பை வீசி, "ஏறுங்கடி! மேல ஏறுங்கடி!" என்று கத்துவது வாயசைவில் மட்டும் தெரிந்தது. டிரைவர் ஓடி வந்து எதையோ பிடுங்கிய பிறகுதான் மலை அடங்கியது. துரையின் முகம் தக்காளிப் பழம்.

"யார் பையன் இது?"

கங்காணி அப்பாவின் பேரைச் சொன்னார். துரை சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எழுதியதை நான் பார்த்தேன். அன்றைக்கு அப்பா என் முதுகில் எழுதியது எனக்கு வலிக்கவே இல்லை. நோட்டில் எழுதியதுதான் வலித்தது.

காரணம் இருந்தது. அதற்கு முந்தின மாதம் வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயத்தின் கடைசிக் காம்பராக் குடும்பத்துக்கு ஆபிஸிலிருந்து ஒரு நீளமான பழுப்புக் கவர் வந்தது. யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை; வாத்தியாரிடம் காட்டலாம் என்றும் தோன்றவில்லை. பிரித்துப் பார்த்து, அழகாக இருக்கிறதென்று சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்கள். ஒரு வாரம் கழித்து ஆள் வந்து கதவில் தட்டியபோதுதான் தெரிந்தது, அது பத்துச்சீட்டு என்று. வேலை இல்லை, காம்பராவைக் காலி பண்ணு என்கிற சீட்டு. சட்டி பானையோடு லொறியில் ஏறினார்கள். அவர்கள் வீட்டு நாய் மட்டும் லயத்திலேயே நின்றது.

கார் வந்துபோய்ப் பத்து நாளிருக்கும். பள்ளிக்கூடம் விட்டு நான் முன்னால் ஓடி வரும்போது, ஆபிஸ் தபால்காரர் பாதையில் மறித்தார்.

"டேய், ஹார்ன் தொரை! இந்தா, ஒங்க அப்பாகிட்ட குடு."

நீளமான பழுப்புக் கவர்.

அப்பாவிடம் கொடுத்தால் லொறி வரும். கொடுக்காவிட்டால்? கொடுக்காவிட்டால் பத்துச்சீட்டு வந்ததே யாருக்கும் தெரியாது; தெரியாத சீட்டை வைத்து எங்களை எப்படி அனுப்ப முடியும்? இப்படியொரு சட்ட நுணுக்கம் எந்த வக்கீலுக்கும் வந்திருக்காது. தேயிலைக்கு நடுவே மாடசாமி கல் இருந்தது. அதற்குப் பின்னால் பலகைக் கல்லைப் புரட்டி, கவரை உள்ளே தள்ளி மூடினேன். "சாமி, நீயே வச்சுக்க. தொரை கேட்டாலும் குடுத்துறாத" என்று கும்பிட்டேன். காணிக்கையாக, பாதி தின்ற கொய்யாப் பழத்தை வைத்தேன். யோசித்து, இன்னும் ஒரு கடி கடித்துக்கொண்டு வைத்தேன்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் மனிதனாகவே இல்லை. லொறிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்கடியில். துரையின் நாய் குரைத்தால் கோழிக் கூட்டில். இதற்கு நடுவே அக்காவின் போக்கு வேறு என்னைக் கலக்கியது. மாலையில் தபால்காரர் வருகிற பாதையையே தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றாள். கோதுமை மாச் சாக்கைக் கத்தரித்து, நீல நூலால் ஓரம் தைத்து, ஒரு பை செய்தாள். தன் இரண்டு பாவாடையையும் துவைத்து மடித்து அதற்குள் வைத்தாள். சீட்டு வரப்போவது இவளுக்கும் தெரிந்துவிட்டது, லொறி ஏறத் தயாராகிறாள் என்று முடிவு கட்டினேன். அவளுடைய தைரியத்தை நினைத்து எனக்கு ஆச்சரியமாகக்கூட இருந்தது.

"தம்பி, கடுதாசி ஏதாச்சும் வந்துச்சா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கடுதாசியா? எந்தக் கடுதாசி? எனக்கென்னா தெரியும்? நான் எதுக்கு எடுக்கிறேன்?" என்றேன். ஒரு கேள்விக்கு நாலு பதில். அவளுக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என்னை நம்பினாள்.

கடைசியில் வாத்தியார்தான் ஆபிஸுக்குப் போய் விசாரித்தார். தபால்காரர், "ஹார்ன் தொரைகிட்ட அன்னைக்கே குடுத்தேனுங்களே" என்று சொல்லிவிட்டார். ஒளித்த இடத்தை நான் உளறியதும், வாத்தியாரும் அப்பாவும் அம்மாவும் அக்காவும் ஊர்வலமாக என்னை மாடசாமி கல்லுக்குக் கூட்டிப்போனார்கள். கல்லைப் புரட்டியபோது கவர் ஊறி, கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. "அது பத்துச்சீட்டுப்பா! படிக்காதீங்க!" என்று நான் அலறினேன். அப்பாவின் முகத்தில் ரத்தம் செத்துவிட்டது. அம்மா தலையில் கை வைத்தாள்.

வாத்தியார் தாளைப் பிரித்து, எழுத்துக்கூட்டாத குறையாக வாசித்துத் தமிழில் சொன்னார். கொழும்பு தர்ம நிதியம் உங்கள் மகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. விடுதி, சாப்பாடு, புத்தகம், இரண்டு சட்டை, காலுக்கு ஒரு சோடி சப்பாத்து எல்லாம் நிதியமே தரும். இன்ன திங்கட்கிழமை பிள்ளையை அட்டனுக்குக் கூட்டிவரவும். வராவிட்டால் அந்த இடம் அடுத்த பிள்ளைக்குப் போகும்.

அந்தத் திங்கட்கிழமை போய் எட்டு நாளாகியிருந்தது.

"அப்ப... பத்துச்சீட்டு இல்லீங்களா?" என்றார் அப்பா.

"இல்ல."

"நம்மள அனுப்பலடி!" என்று அப்பா அம்மாவைப் பார்த்துக் கத்தினார். அப்படியே கல்லுக்கு எதிரில் உட்கார்ந்து சிரித்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தாள். தப்பித்தோம் என்று நானும் குதித்துக் குதித்துச் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள். வாத்தியார் மட்டும் சிரிக்காமல் ஈரத் தாளைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். நிதியத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார், எழுதினார். இடம் போய்விட்டது, அடுத்த வருஷம் வயது மீறிவிடும் என்று பதில் வந்தது. அடுத்த மாதம் தோட்டத்து வேலையாட்கள் பட்டியலான செக்ரோலில் அக்காவின் பேர் ஏறியது.

மறுவருஷம் அதே கார், அதே கறுப்புக் கோட்டு. டிரைவர் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டார். நான் இப்போது ஐந்தாவது. கணக்குப் போட்டேன், பேப்பர் வாசித்தேன். பெரியவர் கேட்டார்: "படிச்சு என்ன செய்வே, தம்பி?"

டாக்டர், டீச்சர் எல்லாம் பயத்தில் ஓடிவிட்டார்கள். வாய் தானாகத் திறந்தது. "எங்க லயத்துக்கு இங்கிலீசுல கடுதாசி வருதுங்க. நான் படிச்சுச் சொல்லுவேங்க."

பெரியவர் எழுந்து வந்து என் தலையைத் தடவினார். வாத்தியார் திரும்பிக்கொண்டு கரும்பலகையைத் துடைத்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

இந்த முறை கவரை வாத்தியாரே கையில் கொண்டுவந்து கொடுத்தார். அட்டனுக்குப் புறப்பட்ட காலை அக்கா வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போக அவசரமாக நின்றாள். இடுப்பில் படங்குச் சாக்கு, நெற்றியில் கூடைக் கயிறு. மாச் சாக்குப் பையை என் தோளில் மாட்டி, பிசிர் தெரிந்த ஒரு நீல நூலைப் பல்லால் கடித்துவிட்டாள். "பாத்துப் போடா" என்றாள். கொழுந்துக் கறையில் கை பச்சையாக இருந்தது.

நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் புதுக் கூடை கிடைத்துவிட்டதே, இனி இந்தப் பை எதற்கு என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.