ரெண்டடித் தொட்டியில் அத்தனை மீன்கள்

சீசன் நேரத்தில் எங்கள் தென்காசி வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் மூக்கில் ஏறுவது காயாத துண்டின் வாடைதான்... ஹாலின் குறுக்கே கயிறு. கயிறு முழுக்க ஈரத்துணி. அதற்குக் கீழே பாய். பாயில் யார் யாரோ சொந்தக்காரர்கள்.

சாரல் விழுந்தால் போதும், ஆட்கள் வந்துவிடுவார்கள். குளிக்கக் குற்றாலம், படுக்க எங்கள் வீடு.

நான் ஏழாவது படித்த வருஷம் அந்த ஹாலில் புதிதாக ஒன்று சேர்ந்தது. ரெண்டடி நீளக் கண்ணாடி மீன்தொட்டி. அழுது அடம்பிடித்து நான் வாங்க வைத்தது.

கடைக்காரர் தெளிவாகத்தான் சொன்னார்.

"சின்ன மீனா எட்டு போடுங்க அண்ணாச்சி. அதுக்கு மேல போனா மூச்சு முட்டிரும்."

எட்டுதான் வாங்கினோம். கப்பியும் மோலியும். அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் நிற்பார்.

அப்புறம் சாரல் ஆரம்பித்தது...

மதுரைப் பெரியப்பா மகன் ஐந்தருவிப் பக்கம் ஒரு சீசன் கடையில் மீன் வாங்கி, பாலிதீன் பையோடு வந்து நின்றான். "சித்தப்பா, இதையும் விடட்டுமா?" அப்பா "விடுலே" என்றார். ஒரு பிள்ளைக்குச் சரி சொன்னால் மற்றது சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒன்று என்று ஆகிவிட்டது. அடுத்து வந்த மாமா வீட்டுப் பிள்ளைகளும் விட்டார்கள். தொட்டியில் எண்ணிக்கை இருபதைத் தொட்டுவிட்டது.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கடைக்காரர் என்ன சொன்னாரு, நீங்க என்ன செய்யுதிய? இனி யாரு கேட்டாலும் எடமில்லன்னு சொல்லிருங்க."

அப்பா தலையை ஆட்டினார்.

மறுநாளே திருவேங்கடத்தில் இருந்து அத்தை வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை. அவள் எங்கள் வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. முன்பு ஒரு சீசனில் சொல்லாமல் வந்தவளிடம், வீடு நிறைய ஆள் இருந்ததால், "ஏட்டி, எடமில்ல, அடுத்த வாரம் வாயேன்" என்று அப்பா வாய் தவறிச் சொல்லிவிட்டார். காபிகூடக் குடிக்காமல் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் போனவள், அதற்கப்புறம் இப்போதுதான் வருகிறாள்.

கூடவே மகள் செல்வி. சின்னப் பிள்ளை. அவள் கையில் ஒரு பை, பைக்குள் தங்கமீன். தொட்டியில் இருந்த எல்லாவற்றையும் விடப் பெரிது!

"மாமா, இத விடவா?"

அடுக்களை வாசலில் நின்ற அம்மா கண்ணாலேயே வேண்டாம் என்றாள். அப்பா அம்மாவைப் பார்த்தார், தங்கையைப் பார்த்தார்.

"விடு தாயி. நம்ம வீட்டுல எடத்துக்கா பஞ்சம்?"

சாயங்காலம் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி போல என்று நாங்கள் பொரியை அள்ளிப் போட்டோம். அப்பாவுக்கு மட்டும் பயம் வந்துவிட்டது. அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் குற்றாலத் தண்ணீர். மூலிகைத் தண்ணி, மனுஷனுக்கே நோய் போகுது, மீனுக்குப் போகாதா என்று ஸ்கூட்டரில் ரெண்டு கேனைக் கட்டிக்கொண்டு ஐந்தருவிக்குப் போனார். கூட்டத்தில் அருவியை நெருங்க முடியாமல், கீழே ஓடுகிற தண்ணீரைப் பிடித்து வந்து ஊற்றினார். மேலே எண்ணெய் தேய்த்துக் குளித்தவர்களின் எண்ணெய் எல்லாம் அதில்தானே வரும்... ஊற்றின தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மினுமினுப்பாகப் படர்ந்தது. அது எங்களுக்கு உறைக்கவில்லை.

விடிந்தபோது அத்தனையும் செத்து மிதந்தன.

செல்வி "என் மீனு" என்று அழுதாள். வீட்டில் இருந்த அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். அப்பா பனியனோடு தொட்டி முன்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

அத்தைதான் பேசினாள். "ஏண்ணே, எடமில்லன்னா இல்லன்னு சொல்ல வேண்டியதுதான? நான் என்ன கோவிச்சுக்கிடவா போறேன்?"

"ஒருக்கா சொன்னதுக்குத்தான இத்தன வருசம் நீ வரல."

 அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு அடுக்களைக்குள் போய் எதையோ எடுத்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து மீன்களை ஒவ்வொன்றாக அள்ள ஆரம்பித்தாள்.

"அய்யய்யோ, அது டீ வடிகட்டி!" என்று அம்மா கத்தியதில் எல்லாரும் சிரித்துவிட்டோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஆனால் அதற்கப்புறம் ஒரு சீசன்கூட அத்தை வராமல் இருந்ததில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. தென்காசியிலேயே மாடி வைத்து வீடு கட்டிவிட்டேன். ஹாலில் மூணடித் தொட்டி. எத்தனை லிட்டருக்கு எத்தனை மீன் என்று யூடியூபில் பார்த்து, ஆறே ஆறு சின்ன மீன்தான் விட்டிருக்கிறேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

போன வாரம் கோயம்புத்தூரில் இருந்து செல்வி போன் பண்ணினாள்.

"அத்தான், நாளைக்குப் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு குற்றாலம் வாரோம். ரிசார்ட்ல ரூம் போட்டாச்சு... உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு..."

அப்பாவாக இருந்தால் 'வீடு இருக்கையில ரூம் எதுக்குட்டி' என்று போனிலேயே கிழித்திருப்பார். எனக்கும் அது வாய் வரை வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. எனக்கு வந்தது நிம்மதி.

"நல்லதாப் போச்சு. சாப்பாடெல்லாம் அங்கனயே இருக்கும்லா?" என்று கேட்டேன்.



"இருக்கும் அத்தான்" என்றாள்.

மாடியில் ரெண்டு ரூம் காலியாகத்தான் கிடக்கிறது. அவள் அம்மா மாதிரி கோபித்துக்கொண்டு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்தால்கூடத் தாங்கிக்கொள்வேன். அவள் குரலில் கோபமே இல்லை. நான் இப்படித்தான் சொல்வேன் என்று தெரிந்துதான் ரூமைப் போட்டுவிட்டு போன் பண்ணியிருக்கிறாள்... வெட்கமாக இருக்கிறது.