தராசோடு ஜிம்முக்குப் போனேன்

ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் லைட்ஹவுஸ் குப்பத்தில் சொந்தமாக ஃபைபர் படகு வாங்கியவர்களில் நான் முந்தியவன். யாரையும் சுலபமாக நம்பாததால்தான் வாங்க முடிந்தது. வியாபாரியின் தராசில் மீனை வைக்கவே மாட்டேன். என் கொக்கித் தராசு என் கையிலேயே இருக்கும்.

போன வருடம் என் ஆட்கள் மேலேயே சந்தேகம் வந்தது. கடலிலிருந்து வந்ததும் படகுக்குக் குறுக்கே கழிகளைக் கட்டி, எல்லோரும் தோள் கொடுத்து மணல்மேட்டுக்குத் தூக்குவோம். தோள் கொடுக்க முடிந்தவன்தான் கடலுக்குப் போகலாம். முடியாதவன் கரையில் உட்கார்ந்து வலை பார்க்க வேண்டியதுதான். எனக்கோ வயது ஏற ஏறக் கழி இலேசாகிக்கொண்டே வந்தது. அது எப்படி? என் சுமையை எவனோ எனக்குத் தெரியாமல் தூக்குகிறான். அப்படியென்றால் நான் கரையில் உட்கார வேண்டிய ஆளா?

தெரிந்துகொள்ளப் பொன்னேரிக்குப் பஸ் ஏறினேன். ஜிம் நடத்துகிற பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா தாத்தா, பேரனைச் சேக்கணுமா?"

"என்னியே சேத்துக்கோ."

அவன் கொடுத்த பயிற்சியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். உடனே தட்டு மாட்டிய இரும்புக் கம்பியைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். மறுபடி உட்கார்ந்து எழ வேண்டும். நடுவில் நிற்கவே கூடாது.

"தரை ஒண்ணும் ஆடலியே தாத்தா! காலை ஏன் இப்டி அகட்டுற?"

"ஆடாத தரையில எனக்கு நிக்கத் தெரியாதுப்பா."

மூச்சு வாங்கியது, ஆனால் முடித்தேன். எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டியதும் சந்தேகம் வந்துவிட்டது. கிழவனுக்கென்று இலேசான தட்டு மாட்டியிருப்பானோ? மறுநாள் கொக்கித் தராசோடு போய்த் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டேன்.

"தாத்தா, அது மீனு இல்ல!"

"மீனுக்கே பொய் சொல்றானுங்க. இரும்புக்குச் சொல்ல மாட்டானுங்களா?"

தட்டில் பொறித்திருந்த எடை சரியாகவே இருந்தது. கம்பியையும் விடவில்லை, அதுவும் சரி. ஆக, என் தோளில் பலம் இருக்கிறது. பிறகு எதற்கு எனக்காகத் தூக்குகிறார்கள்?

அடுத்த முறை கரையேறியதும் கழியைக் கவனித்தேன். எப்போதும் என்னை ஒட்டி நிற்பவன் என் மருமகன்; இருப்பதிலேயே நெட்டை அவன்தான். பாசம் என்று நினைத்திருந்தேன்.

"மாப்ளே, நீ பின்னாடி போ."

"ஏன் மாமா, இங்கயே நிக்கிறேனே."

"நீ நெட்டை. கழி உன் தோள்லயே நின்னுடுது. எனக்கு வந்து சேரவே மாட்டேங்குது."

பின்னாலிருந்து ஒருவன் சிரித்தான். "நைனா கண்டுபுட்ச்சிட்டாரு டோய்!"

"உங்க பொண்ணுதான் மாமா அப்டி நிக்கச் சொல்லிச்சி."

என் உயரத்துக்கு ஒருவனைப் பக்கத்தில் நிறுத்தினேன். தூக்கினோம். சுமை எலும்பு வரைக்கும் இறங்கியது. முட்டியை மடக்கி, காலிலிருந்தே எழுந்தேன். படகு மேடேறியது.

"மாப்ளே, வீட்டுக்குப் போய் உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு. அவ அப்பன் தூக்கினான்னு."

சரி என்று கிளம்பினான். சரியாகச் சொல்வானா என்று பார்க்க, அவன் பின்னாலேயே நானும் நடந்தேன்.