மேல் பூச்சு

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? இது நடந்தது பட்டப்பகலில். மத்தியானம் மூன்றரை மணி வாக்கில். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. தெருவில் பள்ளிக்கூட வேன் ஹார்ன் அடித்துக்கொண்டு போனதைக்கூட அக்கம்பக்கத்தார் கேட்டிருக்கிறார்கள்.

நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. இதில் வரும் நேரமெல்லாம் ஒரு நோட்டில் இருந்தவை. அதை எழுதியவளுக்கு மிகைப்படுத்தவே தெரியாது. ‘கொஞ்சம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘இரண்டரை மில்லி’ என்று எழுதுகிற ரகம். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

அவர்கள் அக்காவும் தங்கையும். அக்கா வேதியியல் படித்தவள். அச்சுத் தகடு செய்யும் ஃபேக்டரியில் பதினோரு வருஷம் குப்பை கொட்டிவிட்டு, “போதும், இனிமே என் மூளை எனக்கே உழைக்கட்டும்” என்று வெளியே வந்தவள். தங்கை அவளைவிட ஒன்பது வயது சின்னவள். வாய் ஓயாது. குளியலறையில் இருந்துகூட யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். அதனால் அக்கா அவளுக்கு வைத்த பெயர் சில்வண்டு. அவசரத்துக்கு வண்டு. அப்பா அம்மா இல்லாத வீடு. சடை பின்னிவிட்டதில் இருந்து கல்லூரியில் சேர்த்தது வரை எல்லாம் அக்காதான்.

ஒரு பழைய கட்டடத்தின் பின்பக்கம் மூன்று அறைகளை வாடகைக்கு எடுத்து, இரண்டு பேரும் ஒரு புதுத் தகட்டைக் கண்டுபிடிக்கப் பாடுபட்டார்கள். விஷயம் இதுதான். புத்தகமோ காலண்டரோ, பெரும்பாலும் அலுமினியத் தகட்டை வைத்துத்தான் அச்சாகிறது. தகட்டின் மேல் ஒரு பூச்சு இருக்கும். அதில் ஒளி பட்ட இடம், கழுவினால் போய்விடும். படாத இடம் நின்று மை பிடிக்கும். ஆனால் பிரதிகள் ஓட ஓட அந்தப் பூச்சு தேய்ந்துவிடும். அதற்கு அக்கா ஒரு வழி யோசித்தாள். ஒன்றுக்குப் பதில் இரண்டு பூச்சு. கீழே கெட்டியான ஒன்று. அதன் மேல் ஒளியை உணரும் ஒன்று. இரண்டும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

காலையில் கீழ்ப் பூச்சு தங்கை போடுவாள். மத்தியானம் மேல் பூச்சு அக்கா போடுவாள். மூன்று வருஷம் இப்படியே போனது. கடைசியில் ஒரு பெரிய கம்பெனி, “வெள்ளிக்கிழமை வர்றோம். தகடு சரியா இருந்தா எடுத்துக்கறோம்” என்று சொன்னது. இல்லாவிட்டால் அறைகளைக் காலி செய்துவிட்டு, அக்கா பழைய ஃபேக்டரி வாசலில் போய் நிற்க வேண்டியதுதான்.

பூச்சு அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. அந்த மஞ்சளைத் தவிர வேறு வெளிச்சம் பட்டால் மேல் பூச்சு கெட்டுவிடும். மருந்து வாடையை வெளியேற்ற ஒரு மின்விசிறி சுவரில் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருமுறை தங்கை அவசரப்பட்டுக் கதவைத் திறந்ததில் இருபது தகடுகள் பாழாயின. அன்றைக்கே அக்கா கதவுக்கு ஒரு பூட்டு வைத்தாள். பூச்சு போடும் மெஷின் ஓடும் பன்னிரண்டு நிமிஷமும் கதவு திறக்காது. அவசரத்துக்குத் திறக்கும் பொத்தான் வெளியே. உள்ளேயும் ஒன்று இருந்தது. அதன் வயரை அக்காவே கழற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை, காலை 11.05.

புதுத் தகடுகளுக்குச் சோதனை. தகட்டை லைட் மெஷினில் வைத்து, கண்ணாடி மூடியை இறக்கி, மேலே எதுவும் வைக்காமல் தொண்ணூறு வினாடி ஒளி காட்ட வேண்டும். பிறகு கழுவினால் பூச்சு மொத்தமும் போய், வெறும் வெள்ளித் தகடாகப் பளபளக்க வேண்டும்.

பளபளத்தது. ஒரு மூலையைத் தவிர. அங்கே பூச்சின் நீலம் போகாமல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. வளைந்த கறை.

“ஏய் வண்டு, கண்ணாடி மேல என்ன வச்ச?”

“ஒண்ணும் வைக்கல அக்கா.”

“ஒண்ணும் வைக்காம நிழல் எப்படி விழும்?”

“எனக்கென்ன தெரியும்? உன் மெஷினுக்குத்தான் மறை கழண்டிருக்கும்.”

அக்கா கண்ணாடியைத் துடைத்தாள். விளக்கை மாற்றினாள். அடுத்த தகடு. அதிலும் கறை. இந்த முறை நடுவில், நீளமாக. செவ்வாய்க்கிழமை இன்னும் இரண்டு, புதன்கிழமை இரண்டு. அந்தக் கடைசி இரண்டுக்கும் அக்கா தங்கையை வெளியே அனுப்பிவிட்டு, மெஷின் பக்கத்திலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒன்றுமே இல்லை. வெறும் காற்று.

கறை விழுந்தது.

புதன்கிழமை, மாலை 4.40.

தங்கை ஆறு தகடுகளையும் காயவைக்கத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். ஏதோ சினிமா நடிகரைப் பற்றி வழக்கம்போல வாய் ஓடிக்கொண்டிருந்தது. நடு வாக்கியத்தில் நின்றுவிட்டது.

அந்த அமைதிதான் அக்காவைத் திரும்பிப் பார்க்க வைத்தது.

மேல் வரிசையில் மூன்று தகடு. கீழ் வரிசையில் மூன்று. போட்ட நம்பர்படியே அடுக்கியிருந்தாள். தனித்தனியாக வெறும் கறை. சேர்த்துப் பார்த்தால்... ஒரு ஆள். ஒருக்களித்துப் படுத்த ஆள். முழங்கால் மடங்கி, இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே சுருண்டு.

“அக்கா... பொண்ணு மாதிரி இருக்கில்ல?”

“கறைடி. பார்க்கிற கண்ணுக்கு மேகம்கூட யானை மாதிரிதான் தெரியும்.”

“சரி, இந்த யானைக்கு என் சைஸா பார்ப்போம்.” சிரித்துக்கொண்டே தங்கை தகடுகளின் மேல் மெதுவாகப் படுத்தாள். காலை மடக்கினாள். கையைச் சுருட்டினாள்.

தோள் பொருந்தியது. இடுப்பு பொருந்தியது. குதிகால் பொருந்தியது. அவள் சடை சரிந்து எங்கே விழுந்ததோ, அங்கே ஏற்கெனவே ஒரு நீலக் கோடு இருந்தது.

“அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கே அக்கா...” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. எழுந்து நின்று, ஒட்டாத எதையோ கையிலிருந்து தட்டிக்கொண்டே இருந்தாள்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவள் பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. அக்கா மனசில் வெள்ளிக்கிழமை மட்டும்தான் இருந்தது. கீழ்ப் பூச்சு சரியாகப் பிடிக்கவில்லை, வேறொன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நாளைக்குப் புதிதாக ஒரு கட்டுத் தகடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

வியாழக்கிழமை, மத்தியானம் 3.15.

காலையிலேயே கீழ்ப் பூச்சு முடிந்துவிட்டது. மேல் பூச்சுக்கான மருந்து கலக்கி வைத்தாயிற்று. கலக்கிய மருந்து அரை மணிக்கு மேல் தாங்காது. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. கம்பெனிக்காரர்.

அக்கா ஃபோனின் வாயைப் பொத்திக்கொண்டு தங்கையைப் பார்த்தாள்.

“மேல் பூச்சை நீ போட்டுடு.”

“நானா? அந்த ரூமுக்குள்ள எனக்கு என்னமோ... வேணாம் அக்கா.”

“பன்னெண்டு நிமிஷம்டி.”

“நீ பேசி முடிச்சுட்டு வாயேன். நான் காத்திருக்கேன்.”

“மருந்து காத்திருக்குமா? சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாத வண்டு. மூணு வருஷ உழைப்பு.”

தங்கை ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு உள்ளே போனாள். கதவு மூடியது. பூட்டு விழும் சத்தம்... க்ளிக்.

3.20.

மெஷின் ஓடத் தொடங்கியது. அக்கா ஃபோனில் பேசிக்கொண்டே கதவுக்கு எதிரே நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் விசிறியின் ரீங்காரம் கேட்டது.

3.24.

டொக்.

டொக்... டொக்.

கதவுதான். ஆனால் கை தட்டும் உயரத்தில் இல்லை. தரையை ஒட்டி, கீழே.

அக்கா ஃபோனைக் காதிலிருந்து எடுத்தாள்.

“என்னடி?”



டொக்... டொக்... டொக்.

“வண்டு, இன்னும் எட்டு நிமிஷம். பொறுத்துக்கோ.”

பயந்துபோய்த் தட்டுகிறாள் என்று அக்காவுக்குத் தெரியும். அதைத்தான் அவள் இன்றுவரை திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அவளுக்குத் தெரியும். விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். திறந்தால் உள்ளே வெளிச்சம் போகும். வெளிச்சம் போனால் தகடு போகும். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

3.26.

இப்போது தட்டவில்லை. சுரண்டியது.

சர்ர்ர்...

சர்ர்ர்...

ஃபோனில் கம்பெனிக்காரர், “ஹலோ, இருக்கீங்களா?” என்றார்.

“இருக்கேன் சார்” என்றாள் அக்கா.

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.

3.27.

சத்தம் நின்றது.

விசிறி மட்டும் ஓடியது.

3.32.

க்ளிக்.

கதவைத் திறந்தாள். மஞ்சள் வெளிச்சம். மெஷின் வேலையை முடித்துவிட்டு நின்றிருந்தது. தகடுகள் ஒரு கறை இல்லாமல், கண்ணாடியாட்டம் இருந்தன.

தங்கை கதவருகே இல்லை.

அறையின் மறுகோடியில் கிடந்தாள். பன்னிரண்டு அடி தள்ளி.

எப்படிக் கிடந்தாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“வண்டு...”

“வண்டு, ஏதாவது பேசுடி...”

அவள் பேசவில்லை.

மூச்சுமுட்டிச் செத்திருக்கிறாள் என்றார் டாக்டர். மருந்து வாடை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவள் நுரையீரலில் மருந்து இல்லை. விசிறியை மூன்று பேர் வந்து சோதித்தார்கள். ஒரு குறையும் இல்லை. அறையில் காற்று இருந்தது. அவளுக்கு மட்டும் இல்லாமல் போயிற்று. அவள் விரல்களில் ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. கதவிலும் ஒரு கீறல் இல்லை. விபத்து என்று எழுதி மூடிவிட்டார்கள். கழற்றிய வயரைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதற்காக அக்காவை யாரும் தண்டிக்கவில்லை. தண்டித்திருந்தால் தேவலை என்று அவள் சொன்னாள்.

கம்பெனிக்காரர் துக்கம் விசாரிக்க வந்தார். போகும்போது தயங்கித் தயங்கி, அந்தக் கடைசிக் கட்டுத் தகடு அருமையாக வந்திருப்பதாகவும் சொன்னார். அக்கா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் எழுந்து போய்விட்டார்.

நான்கு மாதம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி வைத்துவிட்டுப் போகும் சோறு பாதி நாள் அப்படியே இருக்கும். பிறகு ஒருநாள், கறை விழுந்த ஆறு தகடுகளையும், அவற்றோடு பூசியதில் ஒளி காட்டாமல், கழுவாமல் மிஞ்சிய ஒன்றையும் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள். பூச்சில் ஏதோ கோளாறு என்று யாராவது எழுதிக் கொடுத்தால் போதும். அந்த ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டாவது தூங்கலாம் என்று நினைத்தாள்.

காகிதம் வரவில்லை. ஃபோன் வந்தது. ஆய்வுக்கூடத்துக்காரர் சின்ன வயதுக்காரர் போலிருக்கிறது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

“மேடம், அந்தக் கறை எதுவும் மேல் பூச்சுல இல்ல. அதுல ஒளி ஒழுங்கா பட்டிருக்கு, ஒழுங்கா கழுவிப் போயிருக்கு. கறை கீழ்ப் பூச்சுலதான். நிழல் மாதிரி தெரியல. ஈரப் பூச்சுல ஏதோ கிடந்த மாதிரி அழுந்தியிருக்கு.”

அக்கா நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டாள்.

“கழுவாத தகட்டை வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்த்தோம். மேல் பூச்சோட மேல்பக்கம் சுத்தமா, வழவழன்னு இருக்கு. அடிப்பக்கத்துலதான்... கீறல். அஞ்சு அஞ்சா. நிறைய இடத்துல. கீழேயிருந்து மேல் நோக்கி, உள்ள மாட்டிக்கிட்டு வெளிய வரப் பார்த்த மாதிரி. அது காயறதுக்கு முன்னாடியே கீறியிருக்கு.”

அக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

“எங்களுக்கு எதுவும் புரியல மேடம். ரிப்போர்ட்ல எழுதறதுக்காக ஒண்ணு மட்டும் கேக்கணும்.”

“கேளுங்க.”

“அந்த மேல் பூச்சைப் போட்டது யாரு?”

அக்கா தன் பெயரைச் சொன்னாள்.