பதினோரு நாள் பாலைவனம்

செய்தி வந்தபோது நான் கோட்டாறில் பை தைக்கிற கடை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். என் பெரிய பெட்டியின் ஜிப் பல் விட்டிருந்தது. கடைக்காரர் புது ஜிப் வைத்து, இரண்டு தடவை இழுத்துக் காட்டி, "இனி அமெரிக்கா வரைக்கும் தாங்கும் டீச்சர்" என்றார். அவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். நான் நிஜமாகவே அந்தப் பெட்டியை அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக இருந்தேன். அப்போது போன் அடித்தது. கோமதியின் பக்கத்து வீட்டுக்காரர். "டீச்சர், நம்ம கோமதி டீச்சர் போயிட்டாவ. காலைல செடிக்குத் தண்ணி விட்டுட்டு நின்னாவ, அப்படியே சாஞ்சிட்டாவ" என்றார். பெட்டியைக் கடையிலேயே போட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

பழைய மாணவிகள் சேர்ந்து மலர் போடுகிறோம், கோமதி டீச்சரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று நீங்கள் கேட்டு மூன்று மாதம் ஆகிறது. இன்று நாளை என்று கடத்தினேன். கையெழுத்து நடுங்குகிறது என்றேன், கண் சரியில்லை என்றேன். இரண்டும் பொய். நான் கோமதியின் மேல் கோபமாக இருக்கிறேன். இறந்தவர் மேல் கோபம் வைக்கக் கூடாது என்று என் மருமகள்கூட எனக்குப் புத்தி சொல்லிவிட்டாள். கோபம் நம்மைக் கேட்டுக்கொண்டா வருகிறது? உங்களுக்கு அவள் டீச்சர். எனக்கு இருபத்தெட்டு வருடம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. அதனால் அவள் என்றே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளிடம் கணக்குப் படித்தவர்களுக்கு ஒரு குரல் இன்றும் காதில் கேட்கும். விடை சரியாக வந்த சந்தோஷத்தில் நோட்டை நீட்டுவீர்கள். அவள் மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "விட சரிதான். ஸ்டெப் எங்க?" என்பாள். ஸ்டெப் எழுதாதவளுக்கு முட்டைதான். "ஸ்டெப் இல்லாத விட களவாண்ட விடையாக்கும்" என்பது அவள் வாக்கு. புவியியல் எடுத்த என்னைப் பற்றியும் உங்களுக்கு ஒரு ஞாபகம் இருக்கும். லீவு லெட்டர் கொடுக்காமல் லீவு போட்டவள் யாராக இருந்தாலும் என் வருகைப் பதிவில் ஆப்சென்ட்தான். காய்ச்சலுக்கும் லெட்டர், கல்யாணத்துக்கும் லெட்டர். கோமதி இதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கேலி செய்வாள். "ஏட்டி வசந்தா, உனக்க கிளாஸ்ல செத்துப் போறவகூட லெட்டர் எழுதி வச்சிட்டுத்தான் சாகணும் போல." ஸ்டாஃப் ரூம் முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

பாலைவனப் பேச்சு தொடங்கியது முட்டத்தில். ஒன்பதாம் வகுப்பைக் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மண்ணை மழையும் காற்றும் அறுத்து வைத்திருக்கும் இடத்தில் பிள்ளைகளை நிறுத்தி, "இதே மாதிரி அமெரிக்காவின் தென்மேற்கில் மலை உயரத்துக்கு இருக்கிறது" என்று கையை விரித்துப் பாடம் நடத்தினேன். பிள்ளைகளுக்குப் பின்னால் கடலை கொறித்துக்கொண்டு நின்ற கோமதி, "நீ பாத்திருக்கியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "பாக்காமலா இத்தன வருசமும் படம் போட்டு நடத்துன?" பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று தைத்தது. தலை தட்டையான மேசா மலை, காளான் பாறை, மணற்குன்று எல்லாம் சாக்பீஸால் வரைந்தே பாதி ஆயுள் போயிருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கோவிக்காத மக்கா. எனக்க மவ பீனிக்ஸ்லதான இருக்கா? ரிட்டையர் ஆன பொறவு போவோம். நா வண்டி ஓட்டுகேன், நீ மேப்பு பாரு." அவள் மகள் அனிதா அப்போதுதான் வேலை கிடைத்து அங்கே போயிருந்தாள்.

நான் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. ஓய்வு பெற்ற மறு மாதமே எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். எனக்குத் தெரிந்தது பாடக்குறிப்பு எழுதுவது. அப்படியே கட்டம் போட்டேன். நாள், இடம், தூரம், பார்க்க வேண்டியவை, நோக்கம். மொஹாவே பாலைவனத்தில் தொடங்கி, கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் டெத் வேலி, அப்புறம் கிராண்ட் கேன்யன், மான்யுமென்ட் வேலி, நியூ மெக்சிகோவின் வெள்ளை மணல், கடைசியில் டெக்சாஸின் மேற்கு மூலை. பதினோரு நாள். சனிக்கிழமைதோறும் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நோட்டை விரிப்போம். "சுத்திப் பாக்கதுக்கு நோக்கம் என்னத்துக்குட்டி?" என்பாள். ஆனால் தூரத்தை எல்லாம் மைலிலிருந்து கிலோமீட்டருக்கு மாற்றிக் கொடுத்தது அவள்தான்.

விசாவுக்கு இருவரும் சென்னைக்குச் சேர்ந்து போனோம். என்ன விஷயமாகப் போகிறீர்கள் என்று அதிகாரி கேட்டார். கோமதி மகளைப் பார்க்க என்றாள். நான் பாலைவனம் பார்க்க என்றேன். அவர் என்னை ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டு இருவருக்கும் பத்து வருடம் கொடுத்தார். ஊர் வந்ததும் ஓட்டப் பயிற்சி. அங்கே வலது பக்கம் ஓட்ட வேண்டுமாம். வீட்டு மனை போட்டு யாரும் கட்டாமல் கிடந்த ஒரு வயலில், காலையில் வண்டியை வலது ஓரமாகவே ஓட்டிப் பழகினாள். திருப்பம் வரும்போதெல்லாம் "வலது, கோமதி, வலது" என்று சொல்வது என் வேலை. காற்றுக்குப் பழக வேண்டும் என்று ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி ஆடியில் போய்வந்தோம். வண்டி ஒரு பக்கமாக ஒதுங்கும். அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "இது நம்ம ஊரு காத்து, பழக்கப்பட்டவன் மாதிரி தள்ளுகான்" என்பாள். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பிறகு என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. நான் கட்டிலை விட்டு நகர முடியாது. அதே வருடம் அனிதாவுக்குப் பிரசவம். கோமதி போகாமல் இருக்க முடியுமா? போகிற அன்று வந்தாள். இட்லி கொண்டுவந்திருந்தாள், அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டியதும் அவள்தான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, என் கையைப் பிடித்துச் சொன்னாள். "பேறு பாத்துட்டு வந்திருவேன். நீ வராம அந்த மணல்ல நா கால் வைக்க மாட்டேன். சத்தியம்." நான் கேட்கவில்லை. சத்தியம் செய் என்று நான் அவளிடம் கேட்கவே இல்லை.

ஆறு மாதம் கழித்து வந்தாள். கறுத்திருந்தாள். பேரனை மடியில் வைத்த படம் ஒன்றைக் காட்டினாள். "எங்கேயாவது போனாயா?" என்று கேட்டேன். "எங்க போக? பிள்ளைய எண்ணெய் தேச்சுக் குளிப்பாட்டி ஒறங்க வைக்கதுக்கே நேரம் சரியா இருந்து" என்றாள். நான் நம்பினேன். அந்த வருடமே என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். காரியமெல்லாம் முடிந்து ஒரு சனிக்கிழமை, கோமதியே என் அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் போட்டாள். "இரு, டீ போடுகேன். எங்க விட்டோம்?" என்றாள்.

மூன்று வருடம். ஒவ்வொரு சனிக்கிழமையும். முதல் வருடம் அவளுக்கு முழங்கால் வலி, அடுத்த வருடம் கண்புரை. "வாற வருசம் போவோம் மக்கா, பாலைவனம் எங்கயும் ஓடிராது" என்றாள். நான் காத்திருந்தேன். இந்தக் கார்த்திகையில் கட்டாயம் என்று சொன்ன பிறகுதான் பெட்டிக்கு ஜிப் மாற்றப் போனேன். இப்போது யோசித்தால் எத்தனையோ இடத்தில் அவள் வாய் தவறியிருக்கிறது. ஒரு நாள் மான்யுமென்ட் வேலி பற்றி நான் சொல்லிக்கொண்டிருக்கையில், "அங்க காருக்க கதவ ரெண்டு கையாலயும் பிடிச்சுத்தான் தொறக்கணும். இல்லேன்னா காத்து பிச்சிட்டுப் போயிரும்" என்றாள். எங்கே படித்தாய் என்றேன். "எங்கயோ" என்று சொல்லிவிட்டு டீ ஆற்றினாள். அதையும் நோட்டில் 'எச்சரிக்கை' என்று தலைப்புப் போட்டு எழுதிக்கொண்டேன் நான், மடச்சி.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தி ஓய்ந்த பிறகு அனிதா என்னை உள்ளே கூப்பிட்டாள். கையில் ஒரு கட்டு காகிதம். என் நோட்டின் ஜெராக்ஸ். பிரசவத்துக்குப் போகும் முன் கோமதி என்னிடம் வாங்கி எடுத்தது. அங்கே சும்மா இருக்கும்போது சரிபார்க்கிறேன் என்றுதான் சொல்லி வாங்கினாள். "டீச்சர், இது உங்ககிட்ட இருக்கட்டும். உங்க பிளான் வச்சுத்தான் நாங்க பதினோரு நாளும் போனோம். ஒரு எடத்துலயும் வழி தப்பல. பிள்ளைக்கு அப்போ அஞ்சு மாசம்" என்றாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே போனீர்கள் என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. "அம்மா உங்ககிட்ட சொல்லலியா?" போனைத் திறந்து காட்டினாள். வெள்ளை மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, வெறுங்காலோடு கோமதி நிற்கிறாள். சிரிக்கிறாள்.

அவள் போனதை நான் மன்னிப்பேன். மகள், மருமகன், கைக்குழந்தை, வண்டி, எல்லாம் வாசலில் நிற்கும்போது போகாமல் இருக்க அவள் என்ன சாமியாரா? திரும்பி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன், பிறகு படத்தை எல்லாம் காட்டச் சொல்லி உயிரை வாங்கியிருப்பேன். என்னால் பொறுக்க முடியாதது அந்த மூன்று வருடம். அவள் காலால் மிதித்த மணலை நான் புத்தகத்தைப் பார்த்து அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தேன். அது ஜிப்சம், அதனால் வெயிலிலும் சுடாது என்று நான் சொல்ல, அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்படியா?" என்றாள். எத்தனை "அப்படியா". ஒரு வகுப்பு முழுக்க ஸ்டெப் கேட்டவள், எனக்கு மட்டும் விடையை ஒளித்து வைத்துக்கொண்டு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கொடுத்தாள். அனிதா அம்மாவுக்காகப் பேசினாள். "நீங்க சொல்லக் கேட்டாத்தான் அங்க போன மாதிரி இருக்குன்னு அம்மா சொல்லுவா டீச்சர். நேர்ல போனப்போ வெறும் வெயிலும் ரோடும்தானாம்." நல்ல பிள்ளை. அம்மாவைக் காப்பாற்றத் தெரிகிறது. அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் அனிதா இல்லை.

அந்தக் கட்டைப் பத்து நாள் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். கோமதி பரீட்சைத் தாள் மாதிரி சிவப்பு மையால் திருத்தியிருக்கிறாள். பார்த்த இடத்துக்கெல்லாம் டிக். தூரம் தப்பான இடத்தில் அடித்து எழுதியிருக்கிறாள். ஏதாவது ஓர் இடத்தை எனக்காக விட்டு வைத்திருப்பாள் என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். ஒன்றுகூட விடவில்லை. எல்லாவற்றுக்கும் டிக். ஒவ்வொரு நாளின் தலையிலும் இரண்டு பெயர் எழுதியிருந்தாள். கோமதி, அதற்கு வருகைப் பதிவில் வந்தவளுக்குப் போடுகிற ஒரு கோடு. வசந்தா, அதற்கு ஆப்சென்ட். பதினோரு பக்கத்திலும் ஆப்சென்ட். வகுப்பு நடக்கிறது என்றே சொல்லாமல் ஆப்சென்ட் போடுகிற டீச்சரை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. அன்றைக்கு நன்றாக அழுதேன். அவளை வாய்விட்டுத் திட்டவும் செய்தேன். பதினோரு நாளும் அங்கே உட்கார்ந்து என் பெயரை எழுதியிருக்கிறாளே என்ற நினைப்பும் கூடவே வந்தது. அது கோபத்தைக் குறைக்கவில்லை.

அவளிடமிருந்து என்னிடம் இருப்பவை இவ்வளவுதான். ஒரு கட்டு ஜெராக்ஸ், காற்றில் கதவைத் திறக்கும் விதம், கேட்டவுடன் எரிச்சல் வருகிற அந்த "ஸ்டெப் எங்க?". பெட்டியைக் கடையிலிருந்து எடுத்துவந்துவிட்டேன். ஜிப் நன்றாக இருக்கிறது. விசாவில் இன்னும் வருடம் பாக்கி இருக்கிறது. கார்த்திகையில் வாருங்கள், நானே ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று அனிதா சொல்லியிருக்கிறாள், நானும் சரி என்றுவிட்டேன். கோமதி திருத்திய பிரதி வீட்டில் கிடக்கட்டும். என் கையால் எழுதிய நோட்டைத்தான் கொண்டுபோவேன். பதினோரு நாளும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு பெயர் எழுதுவேன். வசந்தாவுக்குக் கோடு. கோமதிக்கு ஆப்சென்ட். லெட்டர் எழுதி வைக்காமல் போனவளுக்கு வேறென்ன போடுவது?