விசில் வராத குக்கர்

என் அக்கா நேரத்தைக் கடிகாரத்தில் பார்க்கமாட்டாள். விசிலில்தான் பார்ப்பாள். பருப்புக்கு மூன்று, கடலைக்கு ஆறு, ஆட்டிறைச்சிக்கு எட்டு. பஸ் எப்போது வரும் என்று கேட்டால்கூட "இன்னும் ரெண்டு விசில் நேரம் இருக்கு" என்று சொல்லக்கூடியவள். எங்கள் குடும்பமே ஏறத்தாழ அப்படித்தான். அதனால், என் மனைவியின் தம்பி கட்டாரிலிருந்து அனுப்பிய மின்சாரப் பிரஷர் குக்கர் ஒரு வருடமாக அலுமாரிக்கு மேலே துணி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதில் விசில் கிடையாது. விசில் இல்லாத குக்கரை யார் நம்புவார்கள்?

அதைக் கீழே இறக்கியவன் நான்தான். காரணம் ஒரு படிவம்.

என் மனைவி மாத்தளை ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளைப் பராமரிக்கும் பயிற்சிக்கு, ஆறு மாதம் கொழும்பில் தங்கிப் படிக்க, அவளுக்கு இடம் கிடைத்திருந்தது. சம்மதம் என்று படிவத்தில் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமை காலை கொடுக்க வேண்டும். இதே வாய்ப்பு இதற்கு முன்னும் இரண்டு தடவை வந்தது. முதல் தடவை மூத்தவள் வயிற்றில் இருந்தாள். இரண்டாம் தடவை எனக்கு மஞ்சள் காமாலை. இரண்டு தடவையும் "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் அரிசி களையப் போனாள். நானும் பேசாமல் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது தடவை குறுக்கே நின்றது சமையல். பத்து வயதிலும் ஏழு வயதிலும் எங்களுக்கு இரண்டு மகள்கள். அவர்களுக்கு யார் சமைப்பது? நாவுலையில் இருக்கும் அக்கா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "புள்ளைங்கள நான் கூட்டிட்டு வந்துர்றேன். இங்கயே ஸ்கூல்ல சேத்துக்கலாம்."

மனைவி அதைவிடத் தீர்மானமாக இருந்தாள். "புள்ளைங்க வீட்டையும் ஸ்கூலையும் விட்டுட்டுப் போகணும்னா நான் கொழும்புக்குப் போகவே மாட்டேன்."

நடுவில் நான் வாயைத் திறந்தேன். "நான் சமைக்கிறேன்."

அக்கா சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியதாயிற்று. "ஒனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமாடா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வந்தால் சும்மா இருக்கவும் மாட்டேன். அந்தக் கோபத்தில்தான் குக்கரை இறக்கினேன்.

சமையல் தெரியாவிட்டாலும் தக்காளி எனக்குத் தெரியும். தம்புள்ளையில் மொத்த மரக்கறிச் சந்தையில் ஒரு தக்காளிக் கடையில் எடை போடுகிறவன் நான். பழம் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று தொட்டுப் பார்த்தே சொல்வேன். அந்த வாரம் லொறிக்கு ஏற்ற முடியாத அளவுக்குக் கனிந்த பழம் ஒரு கூடை மிஞ்சியது. முதலாளி எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பொங்கல் பானையை அடுப்பில் ஏற்றினேன். வெங்காயம், பூண்டு, துருவிய கரட், கறிவேப்பிலை, கொஞ்சம் சீனி, இடித்த மாசிக் கருவாடு ஒரு கைப்பிடி. தக்காளி கரைந்து, வற்றி, அகப்பையில் ஒட்டும்வரை கிளறினேன். கை கடுத்தது. அந்தச் சோஸை ஒன்பது ஐஸ்கிரீம் டப்பாக்களில் ஊற்றி ஃப்ரீசரில் அடுக்கினேன். ஒரு டப்பா எங்கள் நான்கு பேருக்கும் ஒரு வேளைக்குப் போதும். மறுநாள் மகள்கள் ஃப்ரீசரைத் திறந்து, டப்பாவையும் திறந்து, என்னைத் திட்டியது தனிக் கதை.

செவ்வாய்க்கிழமை ஒத்திகை. சங்கு வடிவத்தில் பாஸ்தா வாங்கி வந்திருந்தேன். மனைவி வேலைக்குப் போகும் அவசரத்தில் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தாள்: "தண்ணி மூழ்குற அளவு. ஒரு விசில்." அவளும் அந்தக் குக்கரைத் தொட்டதில்லை. கை பழக்கத்தில் எழுதிவிட்டது. நானும் பழக்கத்தில் நம்பிவிட்டேன். பாஸ்தாவையும், கல்லாக உறைந்திருந்த சோஸையும், தண்ணீரையும் போட்டு மூடினேன். கண்ணில் பட்ட நீளமான நேரத்தை அமுக்கிவிட்டு, குசினியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். குக்கர் 'டிக்' என்றது, முனகியது, பிறகு அமைதியாகிவிட்டது. நான் விசிலுக்குக் காத்திருந்தேன். நாற்பது நிமிடம் காத்திருந்தேன். காதை மூடியருகே கொண்டுபோய்க்கூடப் பார்த்தேன்.

திறந்தபோது உள்ளே சிவப்பாக ஒரு கூழ் இருந்தது. சங்குகளைக் காணவில்லை. சின்னவள் கரண்டியை நட்டு வைத்துப் பார்த்தாள். அது விழாமல் நின்றது. "அப்பா, எலெக்சன் போஸ்டர் ஒட்டவா?" என்று கேட்டாள். பெரியவள் பாணும் பட்டரும் எடுத்துவந்து தங்கைக்கும் கொடுத்தாள்.

வேலை முடிந்து வந்த மனைவி எட்டிப் பார்த்தாள். சிரித்தாள், திட்டவில்லை. படிவத்தை மடித்து அலுமாரிக்குள் வைத்தாள். "பரவாயில்ல விடுங்க. அடுத்த வருஷம் பாக்கலாம்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் 'பரவாயில்ல'தான் நெஞ்சில் குத்தியது.

புதன்கிழமை விடிவதற்கு முன் எழுந்து மறுபடியும் செய்தேன். இந்த முறை சோஸை அடியில் போட்டேன். அது அடிப்பிடித்துக்கொண்டது. குக்கர் கீச்சுக் கீச்சென்று கத்தி, சின்னக் கண்ணாடியில் ஏதோ எழுத்தைக் காட்டியது. நானும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டினேன். அன்று மாலை மூன்றாம் முறை. சோஸ் டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் வைத்துக் கட்டியை இளக்கி, கத்தியால் நாலாகப் பிளந்தேன். குக்கரில் முதலில் கொதிநீர், அதற்குமேல் பாஸ்தா, எல்லாவற்றுக்கும் மேலே சோஸ். கிளறக் கூடாது. நான்கே நிமிடம். முடிந்ததும் காத்திருக்காமல், அகப்பைக் காம்பால் மூடியிலுள்ள வால்வைத் தட்டி ஆவியை விட வேண்டும். திறந்தேன். சங்குகள் முழுசாக இருந்தன. குசினியில் நான் மட்டும்தான் இருந்தேன். இருந்தும் கையைத் தூக்கிக் கும்பிட்டேன், யாரை என்று தெரியாமல்.

ஆனால் யாரும் பார்க்காத வெற்றியை யார் நம்புவார்கள்? மனைவி அன்று ஆஸ்பத்திரியில், மகள்கள் பக்கத்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டார்கள். பாத்திரம் முழுவதையும் நானே தின்று தீர்த்தேன்.

வியாழன் மாலை வேலை முடிந்து தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு நான் வந்துகொண்டிருந்த பஸ்ஸில் நாவுலையில் ஒருத்தி ஏறினாள். அக்கா. கையில் பெரிய துணிப்பை, மடித்தபடி, வெறும் பை. எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகள்களின் உடுப்புகளுக்காகத்தான்.

வீட்டுக்கு வரும்போது ஆறு மணி தாண்டிவிட்டது. பிள்ளைகளுக்குப் பசி. அக்கா குசினிக் கதவருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "சமைடா பாக்கலாம்."

கேத்தலில் தண்ணீர் கொதித்தது. டப்பா இளகியது. கட்டியைப் பிளந்தேன். கொதிநீர், பாஸ்தா, சோஸ். மூடினேன். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். எந்தச் சட்டை போடுவது, எந்தப் பெண்ணைப் பார்ப்பது, எல்லாம் அவள் சொல்லித்தான். நாற்பத்தொரு வயதில் ஒரு தடவைகூட அவள் சொல் தட்டியதில்லை.

நான்கு நிமிடம் முடிந்தது. காம்பால் வால்வைத் தட்டினேன். ஸ்ஸ்ஸ் என்று ஆவி சீறிக்கொண்டு மேலே பாய்ந்தது.

"ஒண்ணு" என்றாள் அக்கா. விரலையும் மடக்கினாள். "இன்னும் ரெண்டு விசில் விடு. மூடியத் தொறக்காத. மாவுப் பண்டம், வேகாது."

அந்த நேரம் பார்த்து மனைவி வந்து வாசலில் நின்றாள், செருப்பைக்கூடக் கழற்றாமல். அக்காவையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். நான் என்ன செய்வேன் என்று அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகப் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, அது விசில் இல்ல. வெறும் ஆவி" என்றேன். "நாலு நிமிஷம் போதும். இது எனக்குத் தெரியும்."

மூடியைத் திறந்தேன்.

ஒவ்வொரு சங்கும் வாயில் கொஞ்சம் சோஸை ஏந்திக்கொண்டு கிடந்தது. வாசம் கூடம்வரை போயிருக்க வேண்டும். மகள்கள் தாங்களாகவே பீங்கானைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சின்னவள் ஒரு பீங்கானை முடித்து, "போஸ்டர் ஒட்ட மிச்சமே இல்லையே" என்றாள். பெரியவள் மூன்றாம் தடவை போட்டுக்கொண்டாள். அக்கா கையால் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "உப்பு கொஞ்சம் கம்மி" என்றாள். சொல்லிக்கொண்டே பீங்கானை மறுபடி நீட்டினாள். என் அக்காவிடமிருந்து அதைவிடப் பெரிய பட்டம் யாருக்கும் கிடைத்ததில்லை. எனக்குக் குசினியில் ஒரு ஆட்டம் போடலாம்போல இருந்தது.

மனைவி அலுமாரியைத் திறந்தாள். படிவத்தைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டாள். அம்மா என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்த சின்னவள், கடதாசி மூலையில் விரலை ஊன்றிவிட்டாள். சிவப்பாக, தெளிவாக, ஒரு விரல் அடையாளம். துடைக்கப் போனேன். பரவியது. "வேற படிவம் கேட்டு வாங்கலாமே" என்றேன். "இருக்கட்டும்" என்றாள் மனைவி.

மறுநாள் காலை அக்கா நாவுலைக்குப் பஸ் ஏறினாள். துணிப்பையில் இரண்டு ஐஸ்கிரீம் டப்பாக்கள், பத்திரிகைத் தாளில் சுற்றி. அவளே கேட்டு வாங்கியது. "எத்தனை விசில்னு மட்டும் சொல்லுடா" என்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். பஸ் கிளம்பிவிட்டதால் நான் நான்கு விரலைக் காட்டினேன். நிமிடமென்று அவளுக்கு விளங்கியிருக்காது. அவள் வீட்டில் அன்று போஸ்டர் ஒட்டியிருப்பார்கள்.

படிவத்தை வாங்கிய எழுத்தர் அந்தக் கறையைப் பார்த்து, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டாராம். என் மனைவியும் சிங்களத்திலேயே, வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, பதில் சொல்லியிருக்கிறாள்.

"அதுவா? எங்க வீட்டுக்காரர் சமைச்சது."